நிறம் போகிற வரைக்கும்

கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் பதிமூன்று தேயிலை வட்டுகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சிறியது. கல்லை வைத்து அழுத்தியதால் இறுகி, ஓரம் மழுங்கி, கறுப்பும் பழுப்புமாக இருந்தன. சுற்றியிருந்த மெல்லிய காகிதங்களைப் பிரித்து, ஜன்னல் காற்று படும்படி அவற்றை வரிசையாகக் கிடத்தியிருந்தார் பல்செட் செய்கிறவர். காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை திருப்பிப் போடுவார். கைக்குழந்தையைக்கூட அத்தனை பதமாக யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். நாற்பத்து மூன்று நாளாக இதே வேலைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது ஏழாவது வட்டை மூக்கருகே பிடித்துக்கொண்டு, அந்துருண்டை வாசனை நேற்றைவிட இன்றைக்குக் குறைந்திருக்கிறதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தால் மனைவி நிற்கிறாள். இரண்டு கையிலும் காலிப் பெட்டி. வீட்டுச் சாவி அவளிடமும் ஒன்று உண்டு. இருந்தும் மணி அடித்திருக்கிறாள். பெட்டிகளைவிட அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"மிச்சத் துணிய எடுத்துட்டுப் போக வந்தேன். அத்தான் கீழ கார்ல இருக்காரு, ரொம்ப நேரம் நிக்க மாட்டாரு."

அத்தான் என்றால் அவளுடைய அக்கா புருஷன், இவருக்குச் சகலை. நல்ல மனுஷர்தான், என்ன, பொறுமை என்பது அவருடைய ஜாதகத்திலேயே கிடையாது. சிக்னலில் சிவப்பு எரிந்தால்கூட அதைப் பார்த்து ஹாரன் அடிப்பவர்.

அவள் நேராகப் படுக்கையறைக்குப் போனாள். கட்டிலைப் பார்த்து நின்றாள்.

"என் இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு ஆள் போட்டுட்டீங்க போல."

"அந்தப் பக்கம்தான் காத்து வருது," என்றார் அவர். உண்மைதான். ஆனால் நாற்பத்து மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தவளிடம் சொல்ல உலகத்தில் வேறு உண்மையே இல்லையா என்று சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவள் பீரோவைத் திறந்தாள். துணிகள் பெட்டிக்குள் போக ஆரம்பித்தன.

பகலெல்லாம் அவருக்கு அடுத்தவர் வாயோடுதான் பிழைப்பு. அச்செடுக்கிற சுண்ணமாவில் பதித்த ஈறுகள், ரோஸ் நிற மெழுகு, பல்லைப் பிடித்து வைக்கிற அந்த நெடி பிடித்த திரவம். அவர் மேஜை மேல் யாரென்றே தெரியாதவர்கள் தட்டுத் தட்டாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மூக்கில் அந்த நெடி தவிர வேறொன்றும் ஏறாது. அதைக் கழுவிவிடத்தான் முதன்முதலாக இந்தத் தேயிலையைக் குடித்தார். சீனாவில் எங்கோ மலைக்காட்டில் பெரிய மரங்களில் இலை பறித்து, ஆவி காட்டி, வட்டாக அழுத்தி, வருஷக்கணக்கில் சும்மா வைத்திருப்பார்கள். வைக்க வைக்கக் கசப்பு இறங்கும், முரடு போகும், மழை நின்ற பிறகு மரத்தடியில் எழும் வாசனை ஒன்று உள்ளே ஊறி வரும். முதல் மடக்கிலேயே மனுஷர் ஆளே மாறிப் போனார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்கிச் சேர்த்தார். குடித்துத் தீர்த்தது போக வைத்திருந்தது பதினாலு.

"பேரு என்னங்க?" என்று அவள் கேட்டாள், கல்யாணமான புதிதில்.

"பூவேர். சீனப் பேரு."

"பூவும் இல்ல, வேரும் இல்ல. பாக்க வறட்டி மாதிரில்ல இருக்கு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் வறட்டிதான். அவரும் ஒரு கட்டத்தில் சரணடைந்துவிட்டார். இன்னிக்கு எந்த வறட்டி என்பாள். ஒன்பது வயசு வறட்டி என்பார். அவள் மட்டும் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. பாலும் சர்க்கரையும் இல்லாத டீ, டீக்கே அவமானம் என்பது அவள் கட்சி.

இந்தத் தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். சமையலறையில் வைத்தால் தாளிப்பு, குளியலறைப் பக்கம் வைத்தால் சோப்பு. வீடு முழுக்க மோப்பம் பிடித்து, கடைசியில் அவள் பீரோவின் கீழ்த்தட்டுதான் தோது என்று முடிவு செய்தார். துவைத்து உலர்த்திய துணிக்குச் சொந்தமாக வாசனை கிடையாது என்பது அவர் கணக்கு. அவள் போர்வைகளை மேலே ஏற்றிக்கொண்டு இடம் விட்டாள்.

அவளுக்கு ரயில் நிலையத்தில் வேலை. தொலைந்த பொருட்கள் அறை. மறந்துவிட்டுப் போன குடை, கம்பளிச் சட்டை, ஒற்றைச் செருப்பு, ஒரு முறை ஒரு முழு மிருதங்கம். எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி, அலமாரியில் அடுக்கி, தட்டுக்குத் தட்டு அந்துருண்டை போட்டு வைப்பாள். உரியவர் ஆறு மாதம் கழித்து வந்தாலும் பொருளில் ஒரு பொத்தல் இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் கீழ்த்தட்டில் வறட்டிக் காகிதத்தின் மேல் ஒரு பூச்சி ஓடுவதைப் பார்த்தாள். பார்த்தவள் சும்மா இருப்பாளா? அன்றைக்கே அந்துருண்டை வாங்கி வந்து ஒவ்வொரு வட்டின் காகித மடிப்புக்குள்ளும் இரண்டிரண்டாகச் செருகி, பீரோவைப் பூட்டிவிட்டாள். தனக்குத் தெரிந்ததிலேயே பெரிய பாதுகாப்பைத்தான் செய்திருந்தாள். அது அவருக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை.

நாலு நாள் கழித்துப் பீரோவைத் திறந்தவர் ஆடிப்போனார். பதினேழு வருஷச் சேமிப்பு முழுக்கக் கழிவறை நாற்றம். "உன்ன யாரு கேட்டா? இதோட அருமை உனக்கு எங்க தெரியப் போகுது" என்று கத்தினார். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. சேலையை மடித்துக்கொண்டே, "வறட்டிக்கு வயசாக ஆக மதிப்பு கூடுதுன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. அதே பீரோவுல பதினேழு வருஷமா நானும்தான் துணி வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனவள்தான்.

அது போதாதென்று, எண்ணிப் பார்த்தபோது வட்டுகள் பதிமூன்றுதான் இருந்தன. காணாமல் போனது எது என்று பார்த்தால் அவர்கள் கல்யாண வருஷத்தில் செய்த வட்டு. காகிதத்தின் மூலையில் அவரே பென்சிலால் வருஷத்தை எழுதி வைத்திருந்தார். இருபது வருஷம் ஆன பிறகுதான் அதை உடைப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கோபத்தில் தூக்கிப் போட்டிருப்பாள் என்று நினைத்தார். இந்த நினைப்புதான் அவரைத் தொலைபேசி பக்கமே போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. ஒவ்வொரு நாளும், அவளே பேசட்டும் என்று வட்டுகளைப் புரட்டிப் போட்டார்.

இப்போது ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. இன்னொரு பெட்டி பாதி. கீழே ஹாரன் ஒரு முறை அடித்து ஓய்ந்தது. அவர் அறை வாசலில் சாய்ந்து நின்றார். போகாதே என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை தொண்டைக்கு வந்து வந்து திரும்பிப் போனது.

"ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போயேன்."

"எது, அந்துருண்டைக் கஷாயமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் உதட்டோரம் ஏதோ வந்து அடங்கியது. கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, பீரோவுக்குள் இருந்த லாக்கரைத் திறந்து, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை வெளியே எடுத்தாள். வளையலும் கொண்டை ஊசியும் பவுடர் டப்பாவும் போட்டு வைக்கிற டப்பா. மூடி இறுகியிருந்தது, நகத்தால் நெம்பித் திறந்தாள். வளையல்களுக்கு அடியில், நாலாக மடித்த கைக்குட்டையில் சுற்றி, பதினாலாவது வட்டு இருந்தது.

அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எப்படி இங்க?"

"உருண்டை போடறப்பவே எடுத்து வெச்சேன். அதுல எழுதியிருந்துச்சே." அவள் வளையல்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தபடியே பேசினாள். "எங்க ரூம்ல அப்படித்தான். பேரோ தேதியோ எழுதின பொருள மத்ததோட சேக்க மாட்டோம். பூட்டி வெச்சிடுவோம். அதத் தேடிக்கிட்டு யாராவது கண்டிப்பா வருவாங்க."

அறையில் காற்று மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.

"நீங்கதான் வரல," என்றாள்.

அவர் வட்டை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். மெழுகு செதுக்குகிற மெல்லிய கத்தியை எடுத்து ஓரத்தில் நுழைத்து, இலை ஒடியாமல், படலம் படலமாக நெம்பினார். பதினேழு வருஷம் அழுந்திக் கிடந்த இலைகள் ஒரு பெருமூச்சுப் போல விட்டுக்கொடுத்தன. தட்டில் மூடி போட்ட கிண்ணம், இரண்டு கண்ணாடித் தம்ளர், கெட்டில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கே வந்தார். அவள் இரண்டு வட்டுகளை நகர்த்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அய்யோ, அதையா உடைச்சீங்க? இருபது வருஷம்னு சொன்னீங்களே."

"இருபது வர்றதுக்கு நீ இருக்கணுமே."

சொல்லிவிட்டார். அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. அவள் ஜன்னலைப் பார்த்தாள். கீழே ஹாரன் இரண்டு முறை அடித்தது.

"சரி. கலர் போற வரைக்கும் உக்காந்திருக்கேன். அப்புறம் கிளம்பிடுவேன்."

அவளுக்குத் தெரிந்த டீத்தூள் இரண்டாவது கொதியிலேயே வெளுத்துப் போகும். இது அந்த ஜாதி இல்லை. பத்து, பன்னிரண்டு, கொடுத்து வைத்தவர் கையில் அதற்கு மேலும் ஊறும். பதினேழு வருஷமாகக் கேட்டவர் கேட்காதவர் எல்லோரையும் பிடித்து உட்காரவைத்து இதைத்தான் அளந்துகொண்டிருந்தார் மனுஷர். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. முதல் தண்ணீரில் சும்மா இலையைக் கழுவிக் கொட்டினார். அடுத்ததைத் தம்ளரில் ஊற்றினார். செம்பு நிறத்தில் ஒன்று மெல்ல ஏறி நின்றது.

அவள் ஊதிக் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது மடக்குக்கு முன்னால் முகர்ந்து பார்த்தாள்.

"என் பவுடர் வாசனை அடிக்குதா இதுல?"

"அடிக்குது."

"அப்ப கெட்டுப் போச்சா?"

அவர் மறுபடி ஒரு வாய் குடித்தார். முதலில் ஈர மரம், பிறகு பழைய காகிதம், எல்லாம் அடங்கின பிறகு அவள் வேலைக்குக் கிளம்பும் காலை நேரம் தொண்டைக்குள் இறங்கியது. கண்ணாடி முன்னால் அவள் கழுத்தில் ஒற்றிக்கொள்ளும் அந்தப் பஞ்சின் வாசனை. நாற்பத்து மூன்று நாளாக ஜன்னலைத் திறந்துவைத்து அந்துருண்டையோடு சேர்த்து இதையும் அல்லவா வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார்.

"இல்ல, கெடல," என்றார்.

மூன்றாவது, நாலாவது. ஒவ்வொரு தடவையும் ஊற்றிவிட்டு இருவரும் தம்ளரைப் பார்த்தார்கள். இலைகள் கிண்ணத்துக்குள் நிதானமாக விரிந்து, ஒன்றின் மேல் ஒன்று புரண்டு படுத்தன. ஆவி மேலே போய் ஜன்னல் வெளிச்சத்தில் கரைந்தது. சாலைச் சத்தம் எங்கோ வேறொரு ஊரில் கேட்பது போலத் தேய்ந்தது. அவள் மிருதங்கத்துக்குச் சொந்தக்காரர் போன வாரம் வந்த கதையைச் சொன்னாள். வந்தவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாராம். பதிலுக்கு அவர், தான் புதிதாகச் செய்த ஒரு பல்செட்டைப் பற்றிச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்ட கிழவர் முதல் வேலையாக விசிலடித்தாராம். ஐந்தாவதா ஆறாவதா என்று அவருக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறந்திருக்காது, சீட்டு எழுதுகிறவள். ஆனால் அவளும் சொல்லவில்லை. செம்பு நிறம் தேன் நிறமாகியிருந்தது. வெயில் சாய்ந்து கட்டிலுக்கு வந்துவிட்டது.

"எத்தன தடவைங்க வரும் இது?" என்று கேட்டாள் ஒரு கட்டத்தில். குரலில் சந்தேகம் இருந்தது, கோபம் இல்லை.

"மத்ததப் பத்தித் தெரியும். இத இப்பதான திறந்திருக்கேன்."

கீழே சகலை ஹாரனை அழுத்திப் பிடித்தார். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அவள் தம்ளரோடு எழுந்தாள். பாதி நிறைந்த பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அவர் கெட்டிலைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். அதில் தண்ணீர் இன்னும் ஒரு தம்ளருக்குத்தான் இருந்தது.

அவள் கையை வெளியே நீட்டி, கீழே இருப்பவருக்குத் தெரியும்படி தம்ளரை வெயிலில் உயர்த்திப் பிடித்தாள்.

"அத்தான், இன்னும் கலர் போகல."

அவர் தண்ணீர் பிடிக்க அடுக்களைக்குத் திரும்பினார். தம்ளரைக் கடந்து வந்த வெயில், கட்டிலில் அவள் நகர்த்திய இரண்டு வட்டுகளுக்கு நடுவே, அவள் உட்கார்ந்து எழுந்த குழிவில், தேன் நிறத்தில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது.