எதிர்ப்பக்கத்துப் பூ

“இந்தப் புத்தகத்தை வெட்டக் கூடாது சார்.”

சொல்லிவிட்டாள். கடையில் சேர்ந்த முதல் நாளே சித்தப்பா அவளைப் படச்சட்டம் அடிக்கிற மேசைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காதோடு சொன்ன ஒரே எச்சரிக்கை இதுதான்: “லீவு கேளு. ஃபேன் கேளு. உக்கார நல்ல நாற்காலி கேளு. ‘வெட்ட வேண்டாம்’னு மட்டும் அந்த ஆள்கிட்ட கேட்டுடாதே. கசாப்புக் கடையில போய் ஆட்டை அவுத்து விடுங்கன்னு சொல்ற மாதிரி அது.”

முதலாளி பூதக்கண்ணாடியை இறக்கவில்லை. அதன் வழியாகவே அவளைப் பார்த்தார். ஒரு கண் மட்டும் மீன்கண் மாதிரிப் பெரிதாகத் தெரிந்தது.

“என்ன சொன்ன?”

“வெட்டாம முழுசா வித்துடுங்கன்னு சொன்னேன்.”

“முழுசா யாரு வாங்குவா, உங்க அப்பனா?”

“எங்கப்பா இருந்தா வாங்கியிருக்க மாட்டாரு. வெட்டியிருக்கவும் மாட்டாரு.”

மூலையில் சித்தப்பாவின் சுத்தியல் நின்றுவிட்டது. பல்லிடுக்கில் இரண்டு ஆணிகளைக் கடித்துக்கொண்டிருந்தார். அவற்றை விழுங்கிவிடுவார் போலிருந்தது.

பழைய படப் புத்தகங்களை வாங்கித் தாள் தாளாக அறுத்து, கறை கழுவி, சட்டம் போட்டு, வீட்டுச் சுவருக்கும் ஓட்டல் சுவருக்கும் விற்கிற கடை அது. வாங்குவது முதலாளி. சட்டம் சித்தப்பா. அறுப்பதும் கழுவுவதும் அவள். முதலாளிக்குக் கை நடுங்கும். ஒரு தடவை தண்ணீரிலிருந்து தாளை எடுக்கப் போய் ஒரு ராணியை இடுப்போடு இரண்டாகக் கிழித்துவிட்டு, அன்றிலிருந்து கழுவுகிற தட்டுப் பக்கமே போவதில்லை. அவள் கை நடுங்காது. தாவரவியல் படித்தபோது பூக்களின் சூலகத்தைத் தலைமுடி கனத்துக்குச் சீவிச் சீவிப் பழகின கை. அந்தக் கத்தியைத்தான் இங்கேயும் கொண்டுவந்திருந்தாள்.

குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. சித்தப்பா அதற்குக் கடையிலேயே நல்ல மரமாகப் பார்த்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார். அம்மா தினமும் அதை முந்தானையால் துடைப்பாள். மகள் பெயர் எந்த வரியில் இருக்கிறதென்று மட்டும் விரல் வைத்துத் தெரிந்துவைத்திருந்தாள், மிச்சம் படிக்க வராது. பட்டம் சுவரேறிவிட்டது, வேலைதான் வாசல் ஏறவில்லை. கடைசியில் சித்தப்பா முகத்துக்காக முதலாளி சேர்த்துக்கொண்டார். “பூ டாக்டர்” என்று பெயர் வைத்தார். பாராட்டாக ஆரம்பித்து நக்கலில் போய் முடிகிற பெயர் அது.

போன வாரம் இந்தப் புத்தகம் வந்தது. செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்த படங்கள். நூற்றைம்பது வருஷம் இருக்கும். இரண்டு வேறு வேறு தொகுப்புகளிலிருந்து யாரோ பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். இடப்பக்கம் ஒரு காட்டுப்பூ. வலப்பக்கம் ஒரு மேடைக்காரர். இப்படிப் பன்னிரண்டு ஜோடி.

முதலில் அவளுக்கும் அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. மத்தியான நேரம், முதலாளி மேசையிலேயே கண்ணயர்ந்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் தாளின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தைத் திருப்பினாள். தரிசு நிலத்து எருக்கம்பூ, நடுவில் அதன் சின்னக் கிரீடம். எதிரே ராஜா வேஷம் கட்டியவர், அட்டைக் கிரீடம். திருப்பினாள். குழல் மாதிரி வாய் விரிந்த ஊமத்தை. எதிரே ஊதுகுழலோடு கோமாளி. பற்றுக்கம்பி சுருட்டிய முடக்கத்தான், எதிரே கயிற்றின் மேல் நடக்கிற பெண். சூரியன் போகிற பக்கமெல்லாம் முகம் திருப்புகிற நெருஞ்சி, எதிரே விளக்கைப் பார்த்து முகம் தூக்கின பாடகி. கடைசி ஜோடி தொட்டாற்சிணுங்கியும் ஒரு நடனக்காரியும். அவள் ஒரு பாதத்தை இப்போதுதான் தரையிலிருந்து இழுத்துக்கொண்ட மாதிரி நின்றாள், யாரோ தொட்டுவிட்ட மாதிரி.

யாரோ ஒருவர் காலையில் தரிசுகளில் அலைந்திருக்கிறார், சாயங்காலம் நாடகக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் தூங்கினாரோ இல்லையோ.

அதைவிட ஒன்று இருந்தது. அத்தனை வருஷம் முகத்தோடு முகம் மூடிக் கிடந்ததில், ஒரு பக்கத்து மை எதிர்ப்பக்கத்தில் இறங்கியிருந்தது. இளம் பழுப்பில், மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக. ராஜாவின் மார்பில் எருக்கம்பூவின் நிழல். எருக்கிலையின் மேல் ராஜாவின் நிழல். சாய்த்துப் பிடித்தால் தெரியும், நேராகப் பிடித்தால் மறையும். அவள் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குள் பன்னிரண்டு பேர் மூச்சு விட்டு, மூச்சை அடக்கி, மறுபடி விட்டார்கள். வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அது எங்கோ நூறு வருஷத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது.

பூக்களுக்குக் கீழே பெயர் இருந்தது. மேடைக்காரர்களுக்கு இல்லை. அளவு சரியாக வரவேண்டுமென்று புத்தகம் தைத்தவர் அடியில் நறுக்கியிருந்தார். எழுத்துகளின் உச்சி மட்டும் ஓரத்தில் எறும்பு வரிசையாக நின்றது. எவ்வளவு பார்த்தும் படிக்க முடியவில்லை.

நேற்று முதலாளி சொன்னார்: “கடைசித் தாள்லேருந்து ஆரம்பி. ஒண்ண மட்டும் கழுவிப் பாரு, கறை போகுதான்னு.”

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அதுதான் இன்றைக்கு அவளைப் பேச வைத்தது. நடனக்காரியையும் பூவையும் அறுத்தாள். நடனக்காரியை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு வெளுப்பு மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டாள். பாவாடை மேல் படிந்திருந்த இலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அப்படித்தான் தெரிந்தது அவளுக்கு. தொட்டதும் மூடுகிற அதே இலைகள். பிறகு தண்ணீர் லேசாகத் தேநீர் நிறமானது. தாள் பளிச்சென்று வந்தது. நடனக்காரி காலைத் தூக்கிக்கொண்டு, எதற்குத் தூக்கினோம் என்று மறந்துபோனவளாக நின்றாள். பூவின் தாளில் அவளுடைய நிழல் அப்படியே இருந்தது. பூவுக்கு இவளை நினைவிருந்தது. இவளுக்குப் பூவை நினைவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை பார்க்கிறவள். போகாத கறையே அவள் கைக்குக் கிடையாது. அவள் அடிக்கடி சொல்வாள்: “கறையா சாயமான்னு முதல்ல பாரு. கறையின்னா எடுக்கலாம். சாயத்தை எடுத்தா அது வேற துணி.” வருஷக்கணக்காகக் கேட்ட பேச்சு. நேற்று மகள் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்,” என்றார் முதலாளி இப்போது. “வேலை செய்ய உடம்பு வணங்கலன்னா அதச் சொல்லு. புத்தகத்து மேல ஏன் பழியப் போடற?”

பதில் வருவதற்குள் கதவு மணி அடித்தது. ஓட்டல் அலங்காரம் செய்கிற அம்மாள், கழுத்தில் அளவு நாடா, கையில் திரைச்சீலைத் துணுக்குகள். முதலாளியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மாறியது.

“வாங்க மேடம், வாங்க! உங்களுக்காகவே வந்த புத்தகம்.”

அந்த அம்மாள் ஒரு துணுக்கைப் பூவின் மேல் வைத்துப் பார்த்தாள். “பதினோரு ரூம். பூ எல்லாம் ரூமுக்கு. இந்த ஆளுங்க எல்லாம் சாப்பாட்டு ஹாலுக்கு. சாப்பிடறப்ப நாலு பேர் பாக்கற மாதிரி இருந்தா களையா இருக்கும்ல?”

“எச்சில் முழுங்கிட்டுப் பாத்துட்டே இருப்பாங்க பாவம்,” என்று சித்தப்பா ஆணிகளிடம் சொன்னார்.

“இது என்ன, இவர் நெஞ்சுல கறை?”

“அது சாதாரணம் மேடம், கழுவினா...”

“கறை இல்ல மேடம், சாயம்,” என்றாள் அவள்.

முதலாளி இருமினார். அவள் நிறுத்தவில்லை. புத்தகத்தை ஜன்னல் பக்கம் தூக்கிச் சாய்த்துப் பிடித்தாள். “எதிர்ப்பக்கத்துப் பூவைப் பாருங்க. எருக்கு. அதோட நிழல்தான் இது. நூத்தம்பது வருஷமா ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் கிடந்திருக்காங்க. நீங்க ஒருத்தர மாடிக்கும் ஒருத்தர சாப்பாட்டு ஹாலுக்கும் அனுப்பப் போறீங்க.”

அந்த அம்மாள் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள். திரைச்சீலைத் துணுக்கு மேசையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

“இவர் பேரு என்ன?”

“வெட்டிட்டாங்க. எழுத்தோட தலை மட்டும்தான் இருக்கு. எதிர்ல இருக்கற பூதான் இப்ப அவருக்குப் பேரு.”

முதலாளி யார் கை ஓங்குகிறதென்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சரி,” என்றாள் அந்த அம்மாள். “ரூமுக்கு ஒரு ஜோடி. பக்கத்துல பக்கத்துல. பிரிக்க வேண்டாம்.”

“வெட்டவே வேண்டாம் மேடம்.”

“புத்தகத்த எப்படிம்மா சுவத்துல மாட்டறது?”

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் சுத்தியலைப் பார்த்தார்.

முதலாளி பெருந்தன்மையாகச் சிரித்தார். “எங்க பூ டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். பன்னெண்டுல பதினொண்ணு உங்களுக்கு. மீதி ஒரு ஜோடி, ஏய், உனக்கே. எது வேணுமோ நீயே எடுத்துக்க. மேடம் சாட்சி. கறை எல்லாம் பளிச்சுனு கழுவி...”

அந்த அம்மாளின் போன் அடித்தது. “நாளன்னிக்கு வண்டி வரும்,” என்று கையை ஆட்டிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

கதவு சாத்தியதும் சிரிப்பும் சாத்திக்கொண்டது. “பாதி ஜெயிச்சுட்ட இல்ல? போதும். உக்காந்து வெட்டு. தட்டுல நானே தண்ணி ஊத்தி வைக்கறேன். இன்னிக்குக் கழுவினாத்தான் நாளைக்குக் காயும்.”

அவள் உட்காரவில்லையென்றால் அந்த நடுங்குகிற கை உட்காரும். அது தெரிந்துதான் உட்கார்ந்தாள். வெட்டக் கூடாதென்று காலையில் கேட்ட வாய்க்குக் கீழேயே கை வெட்டத் தொடங்கியது. தையலுக்கு ஒரு நூல் அளவு தள்ளிக் கத்தியை வைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பு. ஒவ்வொருவராகத் திரையை விலக்கிக்கொண்டு வருகிற மாதிரி வெளியே வந்தார்கள். ராஜா, பின்னாலேயே எருக்கு. கோமாளி, ஊமத்தை. கயிற்றுக்காரி கடைசி நூலில் ஒரு கணம் ஆடி நின்று அவள் உள்ளங்கையில் இறங்கினாள். வெயில் மேசையைத் தாண்டித் தரைக்குப் போனது. அவர்கள் யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மேடை மாறுகிறது, அவ்வளவுதானே என்கிற முகம். அவளுக்குத்தான் ஆறவில்லை. ஜோடி ஜோடியாக, முகத்தோடு முகம் வைத்து அடுக்கினாள்.

சித்தப்பா சட்டங்களை எண்ணுகிற சாக்கில் பக்கத்தில் வந்தார். “கழுவற வேலை?”

“நான் செய்யலன்னா நீங்க செய்வீங்களா சித்தப்பா?”

அவர் முதலாளி இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “தண்ணியில கை வெச்சா மூட்டு பிடிச்சுக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“எந்த டாக்டர்?”

“பூ டாக்டர்.”

சொல்லிவிட்டு, பயந்த மனுஷன், வேகமாகத் தன் மூலைக்குப் போய்விட்டார்.

தட்டுகளில் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் கத்தியைத் துடைத்து உறையில் போட்டு, உறையைப் பைக்குள் போட்டாள். நேற்று அறுத்த நடனக்காரியையும் தொட்டாற்சிணுங்கியையும் எடுத்து, முகத்தோடு முகம் பொருத்தி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினாள்.

“அதையா எடுக்கற?” முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. “உன் கணக்குல நல்லது பதினொண்ணு இருக்கு. கழுவிப் போன ஒண்ண எடுக்கற பாரு.”

“நான் கெடுத்தது. நான்தான் எடுக்கணும்.”

“சரி. வந்து தட்டுல கை வை.”

“மாட்டேன் சார்.”

முதலாளி புரியாமல் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார். கடைசியாகப் பார்த்ததில் புரிந்தது.

“திமிரா? நாளன்னிக்கு வண்டி வருது! இப்ப ஆளுக்கு எங்க போவேன்?”

“அப்படியே சட்டம் போடுங்க. அந்த மேடத்துக்கு நிழல் பிடிச்சிருக்கு. முகத்தப் பாத்தாலே தெரிஞ்சது.”

“உங்க சித்தப்பன் முகத்துக்காகத்தான் உன்னை வெச்சேன்!”

மூலையில் சித்தப்பா ஆணி அடிக்க ஆரம்பித்தார். எதுவும் காதில் விழாத அளவுக்கு ஓங்கி ஓங்கி அடித்தார்.

“எடுத்தேன் கவுத்தேன்னு பேசாத. எப்பலேருந்து இந்த நெனப்பு உனக்கு?”

“நேத்துலேருந்து சார். அவ தண்ணியில இருக்கும்போதே.”

அவள் அட்டைக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நிழல் மறுபடி இறங்க இன்னும் நூற்றைம்பது வருஷம் ஆகும். ஆகட்டும், மூடின இலை திறக்கிற நேரத்தில் திறக்கும். கதவு மணி அடித்தது. பின்னாலிருந்து முதலாளி “ஏய், பூ டாக்டர்!” என்று இரண்டு தடவை கத்தினார். அவள் தெருவில் இறங்கி, வெயில் இருந்த பக்கமாக நடந்தாள்.