தங்கையைக் கூட்டி வரப் போனவன்

"அண்ணே, ஒரு காது கேக்கலை" என்று தங்கை போனில் சொன்னபோது, டிங்கர் ஒரு காரின் நசுங்கிய கதவை நிமிர்த்திக்கொண்டிருந்தான். என்ன ஆச்சு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. போன தடவை பல், அதற்கு முந்தின தடவை கை. சுத்தியலைப் போட்டுவிட்டு, கிரீஸ் கறையோடு அப்படியே பஸ் ஏறினான்.

நீண்ட பயணம். பட்டறை, வீடு என்றே கிடந்தவனுக்கு இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. மனசுக்குள் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையை அடித்துக்கொண்டே வந்தான். முதலில் கன்னத்தில், அப்புறம் வயிற்றில், கீழே விழுந்த பின் விலாவில். அது இனித்தது. இனிக்கிறதே என்று ஒரு கணம் உறுத்தியது. அதற்குள் பக்கத்து சீட்டுப் பெரியவர் தூக்கத்தில் தோளில் சாய்ந்தார். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கிவிட்டான்.

"தூங்குனது ஒரு குத்தமாப்பா?" பெரியவர் மிரண்டுபோய் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்.

டிங்கர் தன் கையைப் பார்த்தான். அவனைக் கேட்காமலே போய் வந்த மாதிரி இருந்தது அது.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடை. மேஜையில் ஒரு பெரிய ஜன்னல் கண்ணாடியைக் கிடத்தி அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான்" என்றவன், வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் பின்வாங்கினான். "அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அதான்..."

முதல் அடியிலேயே மேஜை மேல் மல்லாந்தான். முதுகுக்கடியில் கண்ணாடி நொறுங்கியது. எழ முயன்றவனின் தலைமுடியைப் பிடித்து டிங்கர் மறுபடி சாய்த்தான். சட்டை நனைந்து சிவந்தது. "விட்டுடுங்க மச்சான்" என்று கும்பிட்ட கைகளைத் தட்டிவிட்டு மூக்கில் குத்தினான். எலும்பு நெரிந்தது. அதற்குப் பிறகு மாப்பிள்ளை கும்பிடவுமில்லை, தடுக்கவுமில்லை. டிங்கர் நிறுத்தவில்லை.

மாடியிலிருந்து ஓடிவந்த தங்கை பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டி இழுத்தாள். "அண்ணே, போதும்! செத்துடுவாரு!"

யாரென்று திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் ஓங்கி இடித்தான். அவள் சுவரில் மோதிச் சரிந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அழவில்லை. இரண்டு கைகளாலும் தலையை மூடி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துச் சுருண்டுகொண்டாள். பழகிப்போன வேகம்.

டிங்கரின் கை அந்தரத்தில் நின்றது.

பக்கத்துக் கடைக்காரர்கள் மாப்பிள்ளையை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். "ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிடும், பார்த்துக்க" என்றார் ஒருவர். முதுகு முழுக்கத் தையல், உயிருக்குப் பயமில்லை என்று பிறகு தெரிந்தது.

மாடிக்குப் போன தங்கை ஒரு பையோடு இறங்கி வந்தாள். அவன் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. பஸ்ஸில் பையை நடுவில் வைத்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, வேணும்னு இடிக்கலை."

"இந்தப் பக்கம் வந்து பேசு, அந்தக் காது கேக்காது."

இடம் மாறி உட்கார்ந்து மறுபடி சொன்னான்.

"தெரியும். அவரும் இதையேதான் சொல்வாரு."

பஸ் வெகுதூரம் ஓடியது. உதட்டைத் துணியால் அழுத்தியபடியே அவள் பேசினாள். "நீ தண்ணி கேட்டாக்கூட அண்ணி ஓட்டமா ஓடுவாங்க. நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கேன். உன்கிட்ட சொல்லத்தான் பயம்."

"அவளை நான் எப்பவோ ரெண்டு தடவை..." சொல்லிக்கொண்டே நினைத்துப் பார்த்தான். இரண்டில் நிற்கவில்லை. அடுப்படி, கட்டில் ஓரம், ஒருமுறை நடுத்தெருவில். ஒவ்வொரு தடவையும் அவள் சுருண்டு உட்கார்ந்த விதம் கண்முன் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அழுதான். தங்கை தேற்றவில்லை.

"நான் உன் வீட்டுக்கு வரலை. ஹாஸ்டல்ல என் சிநேகிதி இருக்கா, அங்க போறேன்" என்றாள் இறங்கும்போது.

அவளை ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டு மனைவிக்கு போன் போட்டான்.

"யாரை அடிச்சீங்க?" அதுதான் அவள் கேட்ட முதல் வார்த்தை.

"மாப்பிள்ளையை. பாப்பாவையும்." ஹாஸ்டல் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "நானே ஸ்டேஷன்ல போய் சொல்லிடறேன். விட்டாங்கன்னா பட்டறையில படுத்துக்கறேன். நீ கதவைத் தாழ் போட்டுக்கிட்டு தூங்கு."

"சரி" என்றாள் சட்டென்று. ஏன் என்று கேட்கவில்லை. அவள் பெருமூச்சு விடுவது மட்டும் போனில் தெளிவாகக் கேட்டது.