வீட்டுக்கு ஒரு தோள்

சாக்கை மடித்து, அதன்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள் அமுதவள்ளி. மலைப்பாதையில் பாடை தூக்குகிறவர்களுக்குத் தோள் புண்ணாகிவிடக் கூடாது. நாலு தோளுக்கு நாலு. கீழே போடியில், தம்பி வீட்டின் நடுவீட்டில் அப்பா காசிமாயன் நெற்றிக்காசோடு படுத்திருந்தார்.

மேலே அவர்கள் ஊருக்கு இன்றுவரை ரோடு கிடையாது. வீட்டுக்கு ஒரு தோள் என்பது அங்கே கட்டுப்பாடு. நோவு கண்டவரை டோலியில் போடிக்கு இறக்கவும், கீழே செத்தவரை ஊருக்கு ஏற்றிப் புதைக்கவும் அந்தத் தோள்கள்தான். காசிமாயன் தோள் கொடுக்காத வீடே இல்லை. ஏலக்காய் பொய்த்து, பள்ளிக்கூடமும் மூடி, ஒவ்வொரு வீடாகக் கீழே இறங்கியபோதும் அவர் அசையவில்லை. போன மாதம் காய்ச்சலில் கிடந்தவரை, "ஊசி போட்டதும் மேல கொண்டாந்து விட்டுர்றேன்ப்பா" என்று மகன் விஜயபாண்டிதான் ஆள் பிடித்து இறக்கினான். செத்தாலும் மேலே உங்கம்மா பக்கத்தில்தான் புதைக்கணும் என்று அவர் கேட்டதற்கு, அவர் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தான்.

இப்போது அவனே உள்ளே வந்தான்.

"வண்டிக்குச் சொல்லிட்டேன்க்கா. இங்கன போடியிலயே எரிச்சுருவோம்."

"சத்தியம் பண்ணுனியேடா, பாவி!"

"தூக்க ஆளு வேணாமா? வேணும்னா நீயே கேட்டுப் பாரு."

கேட்டாள். ஊரைவிட்டு இறங்கிய அத்தனை வீட்டு ஆண்களும் வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"திருப்பதியண்ணே, அடமழையில ஒங்காத்தாள மேல கொண்டு போனது எங்கப்பாதான?"

"இல்லேங்கல தாயி. மூட்டுவலி... ஏத்தம் ஏற முடியல."

அடுத்தவருக்கு ஜீப்பில் லோடு காத்திருந்தது. இன்னொருவர் காலில் கிடந்த செருப்பையே பார்த்தார். நன்றிகெட்டவங்களா என்று அவள் வாய்விட்டே சொன்னாள். ஒருவருக்கும் கோபம்கூட வரவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வண்டி வாசலை ஒட்டியே வந்து நின்றது. பாடையைத் தூக்கியதும் ஒரே தள்ளுமுள்ளு.

"கொஞ்சம் விலகுங்கப்பா, எங்க வீட்டுக்கு நான் ஒரு தோள் குடுக்கணும்ல?"

திருப்பதி எல்லாரையும் இடித்துக்கொண்டு வந்து முன்கொம்பைப் பிடித்தார். வண்டிவரைக்கும் ஒரு வீடு பாக்கியில்லாமல் தோள் கொடுத்தார்கள்.

அமுதவள்ளி வண்டிக்குள் எட்டி, மடித்து வைத்திருந்த சாக்குகளை அப்பாவின் தலைக்குக் கீழே செருகினாள்.

"தூக்கித் தூக்கிப் போடும்," என்றாள் டிரைவரிடம். "பைய ஓட்டுப்பா."