செத்தவனுக்கு முளைத்த மீசை

வாய்மொழித் தேர்வு அன்று காலை, தலைமையாசிரியர் என்னை வராந்தாவில் மடக்கினார். "சில்வாஷி டீச்சர், உங்க சினிமாப் பாடத்துல இந்த வருஷம் ஒருத்தர் பெயிலானாலும் சரி, அடுத்த வருஷம் அந்த நேரத்தை உடற்பயிற்சிக்குக் குடுத்துடுவேன்" என்றார். அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னார். வகுப்பில் படம் போட்டுக் காட்டும் புரொஜெக்டர் பல்பு போய் ஒரு வருஷமாகிறது. அதை மாற்றித் தர வக்கில்லை, பேச்சைப் பார் பேச்சை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

தேர்வுக் குழுத் தலைவர் எப்போதும் வேறு பள்ளிக்காரர்தான். இந்த முறை வந்தவர் பெயர் தர்னாய். அந்த ஜூன் வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. பிள்ளைகளின் அம்மாக்கள் குழுவுக்கென்று அனுப்பிய சாண்ட்விச் தட்டை முதல் காரியமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகு கேள்விப் பட்டியலைப் புரட்டினார். "படகுக்காரன் படமா! வாலிப வயசுல தியேட்டர்லயே அஞ்சு தடவை பார்த்திருக்கேன் டீச்சர். அடடா, என்ன படம்!"

எனக்கு உடனே மனுஷரைப் பிடித்துப்போயிற்று. என் புத்தி அவ்வளவுதான்.

அந்தப் படம் எனக்கு உயிர். கறுப்பு வெள்ளை, இரண்டு பாகம். முதல் பாகத்தில், டிஸா ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்க்கும் பெரிய மீசைக்காரன் ஒருவன் காதலித்துக் கல்யாணம் கட்டுகிறான். கல்யாண விருந்தில் மச்சான்மார்கள் அவனை அமுக்கிப் பிடித்து மீசையை வழித்துவிடுகிறார்கள். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். இரண்டாம் பாகத்தில் ஆற்றுக்குப் பாலம் வருகிறது, அவன் பிழைப்பு போகிறது, பெண்டாட்டியும் போகிறாள். கடைசியில் மழுமழுவென்ற முகத்தோடு அவனைப் புதைக்கிறார்கள். குலுக்கிப் போட்ட கேள்விச் சீட்டுகளில் மூன்று இந்தப் படத்துக்கு. ஒன்று கதை சொல்லும் முறை, ஒன்று பாத்திரம், ஒன்று கருப்பொருள்.

பல்பு இல்லாததால் படத்தை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். எங்கள் பிள்ளைகளைத்தான் தெரியுமே. கேள்விகளைப் பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒன்றுக்குப் பதில் எழுதுவார்கள், பிறகு எல்லோருமாக அதை உருப்போடுவார்கள். படகுக்காரன் படம் லூரின்ஸின் பங்குக்குப் போயிருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது.

லூரின்ஸ் கோட்டும் டையுமாக மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றான். கதை சொல்லும் முறைச் சீட்டு அவனுக்கு. அவனுக்குப் பின்னால் பங்கா, எமோக்கெ என்ற இரண்டு பெண்கள் தங்கள் சீட்டுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரே அறை, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமலா போகும்?

"இந்தப் படம் பாலத்தோட ஆரம்பிக்குது சார்" என்றான் லூரின்ஸ். "பாதியிலயே ஹீரோவைப் புதைச்சிடுறாங்க. அதுக்கப்புறம் அவன் மறுபடியும் வர்றான், காதலிக்கிறான், கல்யாணம் பண்ணிக்கிறான். அதான் இதோட புதுமை."

அவன் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தேன். அதே படம்தான்.

"சாகுறப்போ அவனுக்கு மீசை இல்ல. திரும்பி வர்றப்போ பார்த்தா இம்மாம் பெரிய மீசை! செத்தவனுக்கு மீசை முளைக்குதுன்னா என்ன அர்த்தம்? மறுபிறவி சார்."

நான் வாயைத் திறந்தேன். தர்னாய் கையமர்த்தினார்.

"பேசட்டும் டீச்சர், குறுக்க விழாதீங்க. பிரமாதம் தம்பி! அந்த மீசை விஷயம் எனக்கு அன்னிக்கே தோணுச்சு!"

எந்த அன்றைக்கு? மனுஷர் அந்தப் படத்தின் போஸ்டரைக்கூடப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பென்சிலால் ஐந்து என்று எழுதினார். எங்கள் ஊரில் ஐந்துதான் உச்சம். ஒன்று வாங்கினால் பெயில். நியாயமாகப் பார்த்தால் லூரின்ஸுக்கு அந்த ஒன்றுதான். நான் சொன்னால் அவன் பெயில், அவன் பெயிலானால் என் பாடம் உடற்பயிற்சிக்கு. அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

கருப்பொருள் பங்காவுக்கு வந்தது. அவளும் அதே மறுபிறவியை ஒப்பித்துவிட்டு, போதாக்குறைக்குத் தன் சரக்கையும் சேர்த்தாள். "அந்தப் பாலம் சொர்க்கத்துக்குப் போற வழி சார்." தர்னாய் கண்ணை மூடி ரசித்தார். ஐந்து.

எமோக்கெயின் பேனா எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஆசிரியப் படிப்புக்கு எகெர் கல்லூரியில் இடம் கிடைக்க அவளுக்கு இந்த ஐந்து வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் கண்ணாடிக் கூடாரத்தில் குடைமிளகாய் பறிக்கப் போக வேண்டியதுதான். அதை என்னிடமே சொல்லி அழுதிருக்கிறாள். 'முன்னால் போனவர்கள் சொன்னதையே சொல்லிவிட்டுப் போயேன்டி' என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஒரு டீச்சருக்கு வரக்கூடிய நினைப்பா அது? வந்ததே.

வந்து உட்கார்ந்தாள். பாத்திரச் சீட்டு. வெள்ளைச் சட்டையின் நுனியைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துல அவன் மீசையை எடுத்துடுறாங்க சார். அப்ப அவன் பொண்டாட்டி அந்த முகத்தைத் தொட்டுப் பார்க்குறா. அதுக்கப்புறம் அவன் மீசையே வைக்கல. அவ அந்தப் பாலத்து மேலயே நடந்து அவனை விட்டுப் போன பிறகும் தினம் சவரம் பண்றான். வேலை இல்ல, சாப்பாடு இல்ல, சவரத்தை மட்டும் விடல. அவ திரும்பி வந்தா அந்த முகம் இருக்கணும்ல? அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எனக்கு அதுலதான் தெரிஞ்சுது."

நான் ஆடிப்போனேன். எத்தனை வருஷமாக இந்தப் படத்தைப் பாடம் நடத்துகிறேன்! அவன் சவரம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஏன் செய்கிறான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"ஏம்மா" என்றார் தர்னாய், அடுத்த சாண்ட்விச்சை எடுத்தபடி. "படத்தைத் தலைகீழாப் பார்த்துட்டு வந்து எங்கிட்டயே கதை விடுறியா? மீசை பின்னாடிதானே வருது? முன்னாடி ரெண்டு பேர் சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துச்சு சார்."

"அப்புறம் என்ன?"

"அவங்க சொன்னது தப்பு சார்." பெண் கண்ணைத் தாழ்த்தவில்லை.

தர்னாய் உச்சுக்கொட்டிக்கொண்டே அவள் பெயருக்கு நேராக இரண்டு என்று எழுதினார். அந்த இரண்டைப் பார்த்தேன். உடற்பயிற்சியாவது மண்ணாங்கட்டியாவது!

"தர்னாய் சார், படம் பார்த்தவ அந்தப் பொண்ணு ஒருத்திதான்! இந்த ரூம்லயே படம் பார்த்தது அவளும் நானும் மட்டுந்தான்!"

சாண்ட்விச் பாதி வழியில் நின்றது. அதிலிருந்து ஒரு முட்டைத் துண்டு வழுக்கி அவர் டையில் விழுந்தது. அவர் காது மடல் சிவந்தது. கைக்குட்டையால் டையைத் துடைத்தார், வாயைத் துடைத்தார், நெற்றியையும் துடைத்தார்.

"பின்ன என்ன டீச்சர்? சோதிச்சுப் பார்த்தேன். பொண்ணு அசையுறாளான்னு பார்த்தேன், அசையல. சபாஷ்ம்மா!" என்று இரண்டை அழித்து ஐந்து போட்டார்.

எமோக்கெ வெளியே போகும்வரை பொறுத்திருந்தேன்.

"முதல் ரெண்டு பேரையும் சோதிச்சீங்களோ?"

"அவங்களையுந்தான்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு. "பெயில் போட்டா ஏன்னு எழுதிக் குடுக்கணும் டீச்சர். வேண்டாமே. பேசின தைரியத்துக்கு ஆளுக்கொரு ரெண்டு?"

அவருக்கு மானம் பெரிது, எனக்குப் பாடம் பெரிது. சரி என்றேன்.

முடிவைப் படித்ததும், வராந்தாவில் லூரின்ஸைக் காதைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ரெண்டு ஃபைலா இருந்துச்சு டீச்சர். எது முதல்ல இறங்குச்சோ அதை முதல்ல பார்த்தேன்." தலையைச் சொறிந்தான். "ஆனா டீச்சர், சத்தியமா சொல்றேன், என் வரிசையில ஒரு தடவை பாருங்களேன். அப்படித்தான் நல்லா இருக்கு."

"கண்ணு முன்னால நிக்காத, ஓடிப் போயிடு!"

ஓடிவிட்டான். மிச்ச சாண்ட்விச்சைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எமோக்கெ என்னைக் கட்டிப்பிடித்துத் தோளை ஈரமாக்கியிருந்தாள்; சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பயலின் மடத்தனத்தை அவனிடமே நிரூபிக்க வேண்டும் என்றுதான் இரண்டாம் பாகத்தை முதலில் போட்டேன்.

பாலம் வந்தது, அவள் போனாள், அவன் தினமும் சவரம் செய்தான், செத்தான். பிறகு முதல் பாகம். கடைசியில் கல்யாணம். மச்சான்மார்கள் அவனை அமுக்குகிறார்கள், கத்தி பளபளக்கிறது, ஊரே சிரிக்கிறது, அவனும் சிரிக்கிறான். அவள் குனிந்து அந்தப் புது முகத்தைத் தொடுகிறாள். அத்தனை வருஷமாக அந்த இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தவள் நான். அன்றைக்கு, கையில் கடித்த சாண்ட்விச்சோடு, தேம்பித் தேம்பி அழுதேன். அந்த முகத்தோடுதான் அவனைப் புதைப்பார்கள் என்று அந்தப் பந்தியில் எனக்கு மட்டுந்தானே தெரியும்.

படுபாவி, சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த வருஷத்துக்கு நாலாவதாக ஒரு சீட்டு எழுதினேன்: 'இந்தப் படத்தின் இரண்டாம் பாகம் முதலில் வந்தால் என்ன ஆகும்?' லூரின்ஸிடம் இதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அப்புறம் அவனைக் கையில் பிடிக்க முடியாது.