நடுப்பகுதிக்கு நீர் ஊற்ற வேண்டாம்

தபால்காரர் கொண்டுவந்த நீள உறையை நான் படிப்பிக்கிற முன்பள்ளி வாசலில் வைத்தே கிழித்தேன். உள்ளே நான் எழுதிய கடிதத்தின் போட்டோக் கொப்பி இருந்தது. என் கையெழுத்து, எங்கள் சங்கத்தின் இறப்பர் முத்திரை, அவசரத்தில் நான் வெட்டித் திருத்திய ‘யன்னல்’ என்ற சொல், எல்லாம் அப்படியே. மேலே பின் அடித்திருந்த தாளில், “பயனாளிகள் சங்கத் தலைவி தங்கள் ஒப்பந்த வேலையில் மாற்றம் ஒன்றைக் கோரியுள்ளார். ஒப்பந்தக்காரர் என்ற வகையில் இது பற்றிய தங்கள் அபிப்பிராயத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் அறியத் தரவும்” என்றிருந்தது. பயனாளிகள் சங்கத் தலைவி நான். ஒப்பந்தக்காரரும் நான். நான் கேட்டதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று என்னிடமே கேட்டு, யோசிக்க ஏழு நாள் தவணையும் தந்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

சின்னச் சின்ன அரசாங்க வேலைகளை அலுவலகம் ஊர்ச் சங்கங்களுக்கே ஒப்பந்தமாகக் கொடுப்பது இங்கே வழக்கம். எங்கள் ஈச்சந்துறை மாதர் சங்கத்துக்குக் கிடைத்தது, பாதைத் துறையில் ஒரு பயணிகள் தரிப்பிடம். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற இரும்பு மிதவையை. மேற்கே படுவான்கரையில் இருக்கும் எங்களுக்கு ஆஸ்பத்திரி, வங்கி, பெரிய கடை எல்லாம் அக்கரையில், எழுவான்கரையில். கோணாமலையண்ணன் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் பாதையைக் கொண்டுவருவார். எஞ்சின் இல்லை, அதனால் சத்தமும் இல்லை. கண்ணால் பார்த்தால்தான் பாதை வருவது தெரியும். அலுவலகம் அனுப்பிய படமோ பஸ் தரிப்பிடத்துக்குப் போட்ட படம். முன்பக்கம் றோட்டைப் பார்த்துத் திறந்திருக்கும். பின்பக்கம் தரையிலிருந்து கூரைவரை முழுச்சுவர். எங்கள் துறையில் அந்தப் பின்பக்கம்தான் வாவி. பஸ்ஸே வராத றோட்டை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு பாதைக்குக் காத்திருக்கலாம். அத்திவாரம் போட்டுத் தூண் எழும்பிய பிறகுதான் இது எனக்கே உறைத்தது. அதில் என் பிழையும் உண்டு. வேலை கிடைத்த சந்தோசத்தில் படத்தில் முன் எது, பின் எது என்று நான் பார்க்கவில்லை.

மற்றவர்கள் எழும்பிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காரலாம். என் கணவர் உதயரூபனால் அது முடியாது. இரண்டு சிறுநீரகமும் போய், செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். ஆறேகால் பாதையைப் பிடித்தால்தான் ஏழரைக்குக் கட்டில். பிந்தினால் அடுத்தவரை ஏற்றிவிடுவார்கள். அவர்களையும் குறைசொல்ல முடியாது, மெசின் எண்ணி நாலுதான். போன ஐப்பசியில் ஒருநாள் பாதை தவறி, அடுத்த முறை வரும்வரை மூச்சு எடுக்க முடியாமல் குந்தியபடியே இருந்தார். நான் அவரை ஸ்கூட்டியில் துறையில் இறக்கிவிட்டு, முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்ச ஓடவேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சுவரில் நாலடிக்கு மூன்றடி யன்னல். கதவு வேண்டாம், கம்பி வேண்டாம். ஓட்டை போதும்.

வேலையைப் பார்வையிட வருகிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் நஸ்ஹா, காத்தான்குடிப் பிள்ளை. அவளிடம் ஒரு தள அறிவுறுத்தல் புத்தகம் இருந்தது. எழுதினால் மூன்று தாளில் பதியும்: வெள்ளை எங்களுக்கு, றோஸ் அலுவலகத்துக்கு, மஞ்சள் புத்தகத்தில். முதல்நாள் அழகான எழுத்தில், “சுவருக்குக் காலையும் மாலையும் நீர் ஊற்றவும்” என்று எழுதி என்னிடம் ஒப்பம் வாங்கினாள். அன்று விடியலிலிருந்து மழை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்றுதான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டோம்.

“மிஸ், இதிலயே யன்னலுக்கும் ஒரு வரி எழுதி விடுங்களன்” என்றேன்.

“தண்ணி ஊத்துறதெண்டா நான் எழுதலாம் அக்கா. சுவரில ஓட்டை வைக்கிறதெண்டா அது மாற்றம். இஞ்சினியர் சேர்தான் கடிதம் தரணும்.”

“அவர் வந்த நேரம் ஓம், வையுங்க எண்டு வாயால சொன்னவர்தானே?”

“வாயால சொன்னது ஃபைலில இல்லையேக்கா.”

அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒரு வாய்ப்பேச்சை நம்பி, வடிகால் ஒன்றை மூன்றடி தள்ளி வெட்டினோம். பிறகு வந்தவர் யார் சொன்னது என்று கேட்டார். சொன்னவர் மாற்றலாகிப் போயிருந்தார். கட்டியதை எங்கள் கையாலேயே உடைத்தோம். அன்றைக்கு நெஞ்சில் எழுதிக்கொண்டேன், தாளில் வராமல் ஒரு கல்லையும் அசைப்பதில்லை என்று.

ஆகவே சுவர் இடுப்பளவு வந்ததும் மேசன் றமீஸிடம் நிறுத்தச் சொன்னேன். எனக்கு நானே பதிலும் எழுதினேன்: ஒப்பந்தக்காரருக்கு இம்மாற்றத்தில் ஆட்சேபணை இல்லை. நாலாம் நாள் அலுவலகத்திலிருந்து எங்கள் ஃபைலைப் பார்க்கிற விடய எழுதுநர் போன் எடுத்தார்.

“ரெண்டு கடிதத்திலயும் ஒரே கையெழுத்தா இருக்கே, அம்மா.”

“ஒரே ஆளெண்டா ஒரே கையெழுத்துத்தான் சேர் வரும்.”

“அப்பிடி ஏற்க ஏலாது. கேக்கிறவரும் சம்மதிக்கிறவரும் வேற வேற ஆளா இருக்கணும்.”

சங்கச் செயலாளர் ஆச்சிப்பிள்ளையக்காவிடம் தாளைக் கொண்டு ஓடினேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒப்பம் வைத்தார். “இதென்ன கா கூத்து? உனக்கு நீயே கடிதம் எழுதுறாய், மறுகா நான் ஒப்பம் வைக்கிறன்” என்றார். அலுவலகத்துக்குப் போன அந்தக் கடிதத்தில் மீன் வாடை கட்டாயம் இருந்திருக்கும். இருக்கட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரைகுறையாய் நின்ற அந்தச் சுவரைப்போல வசதி வேறில்லை. கூரை போட்டாயிற்று, மழை படாது. உதயன் உள்ளே சீமெந்து இருக்கையில் உட்கார்ந்து, சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வாவியைப் பார்த்தபடி இருப்பார். கோணாமலையண்ணன் பாதி வாவியில் வரும்போதே கை காட்டுவார். இவர் எழும்பி மெல்ல நடக்கத் தொடங்கினால், பாதை துறையில் முட்டவும் இவர் போய்ச்சேரவும் சரியாக இருக்கும். ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு பாதையும் தவறவில்லை. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்றுகூட எனக்கு ஆசை வந்தது.

விடுவார்களா? மார்கழி தொடக்கத்தில் பதிவுத் தபாலில் வந்தது. “அங்கீகரிக்கப்பட்ட திட்டப்படத்தின்படி பின்சுவரைப் பத்து நாட்களுக்குள் பூர்த்தி செய்யுமாறு இத்தால் அறிவுறுத்தப்படுகிறீர். தவறின் ஒப்பந்தம் இரத்துச் செய்யப்படுவதுடன், தங்கள் சங்கத்துக்கு எதிர்காலத்தில் வேலைகள் வழங்கப்படமாட்டாது. யன்னல் தொடர்பான கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.” அடுத்த வேலை முன்பள்ளிக்கு மலசலகூடம். அது எங்கள் சங்கத்துக்கு என்று பேச்சு முடிந்திருந்தது. நாற்பது பிள்ளைகள் பற்றைக்குப் போகிறார்கள். ஒரு பக்கம் நாற்பது பிள்ளைகள், ஒரு பக்கம் என் மனுசன். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“கட்டிவிடு, நிருஷா” என்றார் உதயன். “நான் வெளியில நிக்கிறன். என்னால சங்கத்துக்குக் கெட்டபேர் வரக்கூடாது.”

வெளியில் நிற்பாராம். மாரி மழையில், வீங்கின காலோடு. அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர்மேல் எரிந்து விழுவதற்கு மட்டும் எழுத்து மூலமான அனுமதி தேவையில்லை.

றமீஸ் ஏறாவூரிலிருந்து கரணையும் மட்டப்பலகையுமாக வந்து இறங்கினார். கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். “படத்தில பூச்சு வேலை இரிக்கா, ரீச்சர்?” என்று கேட்டார்.

“இல்ல. பொருத்தை அடைச்சு வெள்ளையடிச்சாச் சரி.”

“கல்லை ஒட்டுறது சீமெந்தாலதான் எண்டு கடிதத்தில சொல்லி இரிக்கா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “யன்னல் வார இடத்தை மட்டும் களிமண்ணால வைக்கிறன். அனுமதி வந்தா, தண்ணியை அடிச்சுக் கல்லைக் கழட்டி எடுத்தாச் சரி, உடைக்கிற வேலை இல்ல. நடுவில ஒரு கல்லுக்குப் பதிலா மெல்லிசாச் சீமெந்துத் தட்டொண்டு வார்த்துத் தாறன். உள்பக்கம் கம்பி வளையம் இரிக்கும். உதயன் அண்ணன் ஒரு கையால இழுத்துத் திறந்து வாவியைப் பார்ப்பார்.”

இது தப்பில்லையா என்று ஒரு நிமிசம் யோசித்தேன். ஒரு நிமிசம்தான். ஐந்து நாளில் சுவர் கூரையைத் தொட்டது. வெள்ளையடித்த பிறகு எது சீமெந்து, எது களி என்று எனக்கே தெரியவில்லை.

பத்தாம் நாள் நஸ்ஹா பார்வையிட வந்தாள். அளவுநாடாவால் நீளம், உயரம் எல்லாம் அளந்தாள். பிறகு சின்னச் சுத்தியலால் சுவரை ஒரு மூலையிலிருந்து தட்டிக்கொண்டு வந்தாள். கணீர், கணீர் என்று கேட்டது. நடுவுக்கு வந்ததும் சத்தம் மாறிப் பொத்தென்று விழுந்தது. அவள் நின்றாள். இன்னொரு தரம் தட்டினாள். நாற்பது பிள்ளைகளும் மலசலகூடம் இல்லாமல் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

இருக்கையில் உட்கார்ந்திருந்த உதயனையும், அவருடைய இடக்கையில் ஊசி குத்திக் குத்தித் தடித்த நரம்பையும் அவள் பார்த்தாள். புத்தகத்தைத் திறந்து கார்பன் தாளைச் சரிசெய்தாள். எழுதி முடித்து, ஒப்பம் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். “பின்சுவர் திட்டப்படத்தின்படி பூர்த்தி செய்யப்பட்டுள்ளது. பூச்சிடப்படாமையினால், சுவரின் நடுப்பகுதிக்கு நீர் ஊற்ற வேண்டாம்.”

“கவனமாப் பாத்துக்கொள்ளுங்க அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள். வெள்ளைத் தாளை நான்காக மடித்துப் பணப்பைக்குள் வைத்தேன். இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த அறிவுறுத்தல்களில், புத்தியுள்ள மனிதர் எழுதியது அது ஒன்றுதான்.

யன்னல் கடிதம் இன்னும் வரவில்லை. நேற்று விசாரித்தேன், இஞ்சினியர் லீவாம், ஃபைல் கணக்குப் பிரிவில் இருக்கிறதாம். யன்னலுக்கும் கணக்குப் பிரிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு அவரை இறக்கிவிட்டு, கரையோர றோட்டில் துறையின் வாவிப்பக்கம் தெரிகிற வளைவுவரை வந்து ஸ்கூட்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். வாவி முழுக்க மழை மூட்டம். பாதி வழியில் கோணாமலையண்ணன் குனிந்து குனிந்து கயிறு இழுப்பது மங்கலாகத் தெரிந்தது. துறையில் ஒரு ஆளும் இல்லை, வெள்ளைச்சுவர் மட்டும்தான். பிறகு சுவரின் நடுவில் கறுப்பாகச் சதுரம் ஒன்று திறந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை முழங்கைவரை வெளியே வந்து, மழைக்குள் மேலும் கீழும் ஆடியது. கோணாமலையண்ணன் கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்தினார். கை உள்ளே போயிற்று. சதுரம் மூடிக்கொண்டது. பாதை துறையில் வந்து முட்டியபோது, சுவர் திட்டப்படத்தில் உள்ளபடியே நின்றது.