தறிப் பேச்சு

மதுரையிலிருந்து திரும்பியதிலிருந்து நாலு நாளாக இசக்கிப்பாண்டி ஓரிடத்தில் உட்காரவில்லை. சோற்றைத் தட்டோடு தூக்கிக்கொண்டு நடந்தான். செருப்பை மாட்டி வாசல்வரை போவான், திரும்பி வந்து கழற்றுவான். அந்த நடையும் நேராக இல்லை, இடப்பக்கமாக இழுத்தது. செண்பகவல்லி கணவனைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள்.

“திங்கக்கிழமை காலைல ஏழு மணி பஸ்ஸு. ஆப்பரேசனுக்குப் போறமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. பிள்ளைய எங்க அண்ணன் வீட்ல விடணும்.”

“பாப்போம்.”

“நாலு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கிய. நீங்க பாத்து முடிக்கட்டும்னு மண்டைக்குள்ள இருக்க கட்டி காத்துக்கிட்டு இருக்குமாக்கும்?”

அவள் இடப்பக்கம் நின்று பேசியதால் பாதிதான் கேட்டது. மீதியை அவள் உதட்டில் படித்துக்கொண்டான்.

உதட்டைப் படிப்பது அவனுக்குத் தொழிலோடு வந்தது. பதினாறு வருஷமாக விசைத்தறிக் கூடத்தில் நிற்கிறான். நாற்பது தறி ஒன்றாக ஓடும் இடத்தில் தொண்டையால் பேசிப் பிரயோஜனமில்லை. சத்தம் விடாமல் வாயை அகலத் திறந்து, உதட்டை வளைத்துச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவனுக்கு அது பிடிபட ஆறு மாதம் ஆகும். அதில் இசக்கிப்பாண்டிதான் கெட்டிக்காரன். நடுவரிசையில் நின்று அவன் ஒரு கதையை எடுத்துவிட்டால், கடைசிச் சுவரோரம் நிற்பவன் இழை அறுந்தது தெரியாமல் சிரிப்பான்.

அதனால்தான் எழுபத்தொன்பதாம் வருஷம் இடது காது மங்கத் தொடங்கியபோது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தறிக்காரனுக்குக் காது போவது நரை விழுகிற மாதிரி. அவனும் அப்படித்தான் நினைத்தான். இரண்டு வருஷம் கழித்து, தலை சுற்றித் தறிமேல் சாய்ந்தபோதுதான் ரயில்வே பீடர் ரோட்டு டாக்டரிடம் போனான். டாக்டர் இரண்டு காதையும் சோதித்துவிட்டுக் கேட்டார்: “தறி ரெண்டு காதுலயும்தான இரையுது? ஒண்ணு மட்டும் எப்படிய்யா செத்துப்போகும்?”

அந்தக் கேள்விதான் அவனை மதுரைக்கு அனுப்பியது. அங்கே காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் விட்டார்கள். வலது காதில் விட்டதும் கட்டில் ராட்டினம் மாதிரி சுற்றியது. இடது காதில் எவ்வளவு விட்டும் ஒன்றுமில்லை; சுவரில் ஊற்றின மாதிரி. பிறகு மண்டையைப் பல கோணத்தில் படம் எடுத்தார்கள்.

“காது நரம்புல கட்டி. நெல்லிக்காய் அளவு இருக்கும். கேன்சர் இல்ல,” என்றார் மதுரை டாக்டர். “ஆனா விட்டா மூளைய அமுக்கும். மூணு வருஷம், மிஞ்சினா நாலு.”

இசக்கிப்பாண்டி தலையாட்டினான்.

“இன்னொண்ணு. முகத்து நரம்பும் அதை ஒட்டித்தான் போகுது. கட்டிய எடுக்கும்போது அது தப்பிக்கிறது கஷ்டம். போச்சுன்னா இடது கண்ணு மூடாது, வாய் ஒரு பக்கம் தொங்கிரும். உசுரா, முகமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

டாக்டருக்கு அது கேள்வியே இல்லை. இசக்கிப்பாண்டி யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டான். கத்திக்குப் பயப்படுகிறான் என்று செண்பகவல்லி நினைத்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான். காது செத்தால் தறிக்கூடத்தில் ஒரு நஷ்டமும் கிடையாது. அங்கே வாய்தான் எல்லாம்.

சனிக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மருந்துக்கடையில் அகலப் பிளாஸ்திரி வாங்கினான். கூடத்துக் குழாயடிக் கண்ணாடியின் முன் நின்று, இடது வாய்க்கோடியிலிருந்து காதடிவரை இறுக்கி ஒட்டினான். சிரித்துப் பார்த்தான். வாயில் பாதி விரிந்தது, பாதி அசையாமல் நின்றது.

அவன் ஓட்டுவது ஏழாவது, எட்டாவது தறி. எதிரே ஒன்பது, பத்து ரசூலுடையது. பதினோரு வருஷமாக நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

‘பல்லு வலியா வே?’ என்று ரசூலின் உதடு கேட்டது.

இசக்கிப்பாண்டி பதிலுக்கு ஒன்று கேட்டான். ரசூல் கண்ணைச் சுருக்கினான். மறுபடி கேட்டான். ரசூல் ஓரடி முன்னால் வந்தான். மூன்றாவது முறை கேட்டதும், அந்தக் கூடத்தில் பேச்சுக்காக யாரும் செய்யாததை ரசூல் செய்தான். தன் தறி இரண்டையும் நிறுத்தினான், எட்டி இவனுடைய இரண்டையும் நிறுத்தினான். கரண்ட் இருக்கும்போது தறி நின்றால் குறுக்கே ஓடும் நாடாக் கட்டை தெறித்து யார் மேலோ பட்டிருக்கிறது என்று அர்த்தம். வரிசையே திரும்பிப் பார்த்தது.

ரசூல் அவன் வலது காதில் வாயை வைத்தான். “என்ன வே கேட்டீரு?”

“பீடி இருக்கான்னு.”

“பீடிக்கா நாலு தறிய நிப்பாட்ட வச்சீரு?”

“நானா நிப்பாட்டச் சொன்னேன்? நீருல்லா நிப்பாட்டினீரு.”

இன்றைக்கு ரசூல் நிறுத்திவிட்டான். ஒரு மாதம் போனால் நிறுத்த மாட்டான். புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான். சொல்லத் தெரியாத புதுப் பையன்களுக்கு இசக்கிப்பாண்டியே எத்தனையோ முறை அப்படித் தலையாட்டியிருக்கிறான்.

கட்டி, முகத்து நரம்பு, திங்கள்கிழமை எல்லாவற்றையும் ரசூலின் காதில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். ரசூல் பிளாஸ்திரியைப் பார்த்தான்.

“அதான் ஒட்டிட்டு வந்தீராக்கும். சரி, தறிய ஓட்டும். மறுபடி சொல்லும். புரியலைன்னா புரியலைம்பேன். சும்மா தலைய ஆட்ட மாட்டேன்.”

தறிகள் ஓடின. இசக்கிப்பாண்டி சொன்னான். இல்லை என்று ரசூல் கையை விரித்தான். மெதுவாகச் சொன்னான். இல்லை. வலப்பக்கத்தை மட்டும் ஆடு அசைபோடுகிற மாதிரி இழுத்துச் சொன்னான். ரசூல் சிரித்துவிட்டு, இல்லை என்றான். எட்டாவது தறியில் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு வந்து மறுபடி சொன்னான். ரசூல் யோசித்து, வலது பாதி முகம் நேராகத் தெரிகிற இடத்துக்கு இரண்டடி தள்ளி நின்றான். இப்போது சொல்லும் என்று கை காட்டினான். சொன்னான். ரசூல் மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்து, இரண்டாக ஒடித்து ஒரு துண்டை நீட்டினான்.

‘அரை வாய்க்கு அரை பீடி போதும்.’

அதற்குள் சூப்பர்வைசர் சண்முகையா தறி நின்றதை விசாரிக்க வந்துவிட்டார். இசக்கிப்பாண்டி பிளாஸ்திரியைப் பிய்த்தான். மீசையில் கொஞ்சம் அதோடு போனது. முழு வாயால், தெளிவாகச் சொன்னான்: ‘திங்கக்கிழமை ஆப்பரேசனுக்குப் போறேன். ரெண்டு மாசம் ஆகும். ஏழையும் எட்டையும் யாருக்கும் குடுத்திராதீங்க.’

முன்பு தானியக் கடையில் கணக்கெழுதிய சண்முகையா தறியில் நின்றதே இல்லை. கையைக் காதோரம் குவித்து, “என்னது?” என்றார். ரசூல் குனிந்து அவர் காதுக்குள் கத்தினான். அவரும் கத்தினார்: “ரெண்டு மாசமா? பாப்போம்.”

மத்தியானம் வீட்டுக்கு வந்து, “பிள்ளைய உங்க அண்ணன்கிட்ட விட்டுரு,” என்றான்.

செண்பகவல்லி அவன் முகத்தைப் பார்த்தாள். “மீசைக்கு என்ன ஆச்சு?”

“பீடி கேட்டதுல போச்சு.”

தட்டை வாங்கிக்கொண்டு மறுபடி நடந்துகொண்டே தின்றான்.