மாப்பிள்ளையின் உயரம்

எழுதுவதற்கு அனுப்ரியாவிடம் ஒன்றுமே மிச்சமில்லை. மாலைநேரக் கதை எழுதும் வகுப்பில் இதுவரை அவள் வாசித்த கதைகளில் எல்லாம் எங்காவது ஒரு மூலையில் வருண் இருந்தான். ஒன்றில் பேருந்து ஓட்டினான், இன்னொன்றில் வெறுமனே தும்மிவிட்டுப் போனான். "எனக்கு இது சரிப்பட்டு வரல" என்று அவளுக்கு மெசேஜ் போட்டு அவன் தங்கள் கல்யாணத்தை நிறுத்திய பிறகும், பேனாவைத் திறந்தால் அவன்தான் வந்து நின்றான். அவன் இல்லாத ஒரு கதை வேண்டும். இன்றும் அது கிடைக்காவிட்டால் வகுப்பையே விட்டுவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"ஒண்ணும் தோணலன்னா கடைக்குப் போங்க," என்று ஷபானா டீச்சர் சொல்லியிருந்தார். "இல்லாத ஒருத்தருக்குப் பொருள் கேளுங்க. கடைக்காரங்க கேக்குற கேள்வியிலயே அந்த ஆள் உருவாயிடுவார்."

வகுப்புக்கு முன் சிங்கப்பூரின் தேக்கா கடைவீதியில் இறங்கி ஒரு பூக்கடை முன் நின்றாள். கல்யாண மாலை என்றால் கேள்விகள் நிறைய வரும் என்பது அவள் கணக்கு. மணப்பெண்ணையும் தயார் செய்திருந்தாள்: கமலம், கிளமெண்டிக்காரி, நாற்பதைத் தாண்டியவள்.

"அக்கா, கல்யாண மாலை வேணும். கமலம்னு ஒருத்தங்களுக்கு."

பூ கட்டிக்கொண்டிருந்த கடைக்காரி சரசு நிமிரவில்லை. "ரோஜாவா, சம்பங்கியா?"

"சம்பங்கி." கமலத்துக்கு அதுதான் பிடிக்கும் என்று பட்டது. அனுப்ரியாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"மாப்பிள்ள என்ன உயரம்?"

"உயரமா?"

"ஆமா லா. குட்டையான ஆளுக்கு நீட்டமா கட்டிட்டா, மாலைய மிதிச்சிக்கிட்டு நடப்பாரு."

அனுப்ரியா யோசிக்கவில்லை. கை தானாக எழுந்து, அவள் தலைக்கு மேலே காற்றில் ஓரிடத்தில் நின்றது. எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது வருணின் கலைந்த முடியை ஒதுக்கிவிட அந்தக் கை போகும் உயரம் அது.

சரசு நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். "கமலமாம் கமலம்! உங்களுக்குத்தான? வெக்கத்தப் பாரு!" நூலை எடுத்து அனுப்ரியாவின் தோளிலிருந்து அளந்தாள். "தேதி சொல்லுங்க, ஜமாய்ச்சிடலாம்."

"வேணாங்க்கா."

"என்ன வேணாம், சம்பங்கியா?"

"கல்யாணம் நின்னுபோச்சு."

இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவிடம்கூடக் கைபேசியை நீட்டியதோடு சரி. சரசு நூலை மெதுவாக எடுத்துச் சுருட்டினாள். "சரிம்மா," என்றாள். ஏற்கெனவே ஈரமாக இருந்த பூக்களின் மேலேயே இன்னும் தண்ணீர் தெளித்தாள்.

வகுப்பில் எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அனுப்ரியாவும் எழுதினாள். கமலம் வரவேயில்லை. தன் முறை வந்தபோது, பூக்காரி நூலைச் சுருட்டியதுவரை வாசித்துவிட்டு நிறுத்தினாள். வகுப்பில் எப்போதும் அவளைக் கிண்டலடிக்கும் ரித்திக், நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"அப்புறம்?" என்றான். "அவன் திரும்பி வந்தானா?"

"வரல."

அந்த வரி தாளில் இல்லை. அனுப்ரியா உட்கார்ந்து அதையும் எழுதினாள். வகுப்பை விட்டுவிடும் முடிவு அவள் நினைவிலேயே இல்லை; எழுதிய பிறகும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.